மழை நோட்டிலிருந்து கிராப் வரை: லிப்ரேஆபிஸ் கால்க்கில் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தோட்டங்களில் மழைமானி வைத்துத் தினமும் காலையில் அளந்து நோட்டில் எழுதுகிறவர்கள் உண்டு. அந்த நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்த மாதம் எவ்வளவு, போன வருஷத்தைவிடக் கூடவா குறைவா என்று கிராப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்களோடு பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் விழுகிறார்கள். நாலு வரி அடித்த உடனே கிராப் பொத்தானை அமுக்கிவிடுகிறார்கள். கிராப் கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை வரிசை மாறாமல் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் சொல்வது லிப்ரேஆபிஸ் கால்க்கை வைத்து, எக்ஸெல் மாதிரியான அட்டவணை மென்பொருள் அது. இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், ஒரு தடவை இறக்கிக்கொண்டால் நெட் தேவையில்லை (ஜூலை மாதம் கூடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை). எக்ஸெல் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், மெனுக்களும் சில வசதிகளும் மாறும். ஆக்டேவ், ஆர், பைத்தான் என்று கட்டளை எழுதிக் கணக்குப் போடும் மென்பொருள்கள் எல்லாம் நல்லவைதான். ஆனால் அட்டவணை ஒழுங்காக இல்லாவிட்டால் அவையும் தப்பான விடையைத்தான் தரும், இன்னும் வேகமாக.

1. உட்காரும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

நோட்டை எழுதியவர் உயிரோடு, எட்டும் தூரத்தில் இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். நாலு கேள்வி போதும். என்ன அளவில் எழுதினீர்கள், மில்லிமீட்டரா இன்ச்சா? காலை எத்தனை மணிக்கு அளந்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமை யார் அளந்தார்கள்? கோடு போட்டு விட்டிருக்கும் இடங்களுக்கு என்ன அர்த்தம்?

நேரத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இந்திய வானிலைத் துறையின் கணக்கில் ஒரு நாள் மழை என்பது காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் பெய்தது. அளந்த நாளின் தேதியில் அது பதிவாகும். சிலர் ‘நேற்றுப் பெய்த மழைதானே’ என்று முந்தின தேதியில் எழுதிவிடுவார்கள். தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்துத் தோட்டத்து நோட்டோடு சேர்த்துப் பார்க்கும்போது எல்லாமே ஒரு நாள் தள்ளி நிற்கும்.

2. முதல் வேலை: தேதி அமைப்பை மாற்றுவது

ஒரு எண்ணைக் கூட அடிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் லாங்குவேஜ் அமைப்புகள், அங்கே ‘லொக்கேல்’ (எந்த நாட்டு வழக்கப்படி தேதி, எண் என்று சொல்வது) என்று ஒரு பெட்டி இருக்கும். அது அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் இந்திய ஆங்கிலம் அல்லது தமிழ் (இந்தியா) என்று மாற்றுங்கள்.

மாற்றாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்கக் கணக்கில் மாதம் முதலில் வரும். நீங்கள் 5/7/2021 என்று ஜூலை 5-ஐ நினைத்து அடிப்பீர்கள், அது மே 7 என்று எடுத்துக்கொள்ளும். 13/7/2021 என்று அடித்தால் 13-வது மாதம் இல்லையே, அதனால் அதைத் தேதியாகவே எடுக்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஆக ஜூலை மாதத்தில் முதல் 12 நாள் வருஷம் முழுக்கச் சிதறிப் போகும், மிச்ச 19 நாள் கணக்கிலேயே வராது. எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் கொடுமை. நான் முதன்முதலில் ஏற்றிய நோட்டில் ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி மட்டும் நல்ல மழை பெய்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு சாயங்காலம் ஆனது.

அடித்த பிறகு லொக்கேலை மாற்றினால் பழையது சரியாகாது. மே 7 மே 7-ஆகவே இருக்கும். அதனால்தான் இதை முதலில் வைத்தேன். வருஷத்தையும் நாலு இலக்கமாக அடியுங்கள்.

3. ஷீட்டின் வடிவம்

மழை நோட்டு காலண்டர் மாதிரி இருக்கும். இடது பக்கம் 1 முதல் 31, மேலே ஜனவரி முதல் டிசம்பர். அதைப் பார்த்து அப்படியே அடிக்கத்தான் கை போகும். போகவிடாதீர்கள். அந்த வடிவத்தில் ‘ஜூலை 5, 2021’ என்ற தேதி எந்த செல்லிலும் இல்லை. நம் கண்ணுக்குத்தான் புரியும், மென்பொருளுக்குப் புரியாது. இரண்டாவது வருஷம் வந்ததும் இன்னொரு ஷீட், மூன்றாவதுக்கு இன்னொன்று என்று போய், கடைசியில் எதையும் எதோடும் சேர்க்க முடியாது.

ஒரு நாளுக்கு ஒரு வரிசை, அவ்வளவுதான். ஏ நெடுவரிசையில் தேதி, பி-யில் இடம், சி-யில் இன்ச், டி-யில் சென்ட் (இன்ச்சில் நூறில் ஒரு பங்கு), ஈ-யில் மி.மீ., எஃப்-பில் குறிப்பு. நோட்டு மி.மீ.யிலேயே இருந்தால் சி, டி இரண்டையும் காலியாக விட்டுவிட்டு ஈ-யில் நேராக அடிக்கலாம். பத்து வருஷ நோட்டு என்றால் 3,650 சொச்சம் வரிசை வரும். வரட்டும், கால்க்குக்கு அது ஒன்றுமே இல்லை.

தேதியை ஒவ்வொன்றாக அடிக்க வேண்டாம். ஏ2-வில் முதல் தேதியை அடித்து, செல்லின் வலது கீழ் மூலையில் இருக்கும் சின்னப் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தால் ஒவ்வொரு நாளாக ஏறிக்கொண்டே போகும். மழை பெய்த நாளை மட்டும் அடிப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் எல்லா நாளும் ஷீட்டில் இருந்தால்தான் எந்த நாள் விட்டுப்போனது என்று தெரியும்.

தலைப்பு ஒரே ஒரு வரிசையில் இருக்கட்டும். செல்களை ஒன்றாக இணைத்து ‘எங்கள் தோட்டத்து மழை விவரம்’ என்று மேலே அழகாகப் போட நினைப்பவர்கள் அதை வேறு ஷீட்டில் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வியூ மெனுவில் முதல் வரிசையை உறைய வைத்துவிட்டால் எவ்வளவு கீழே போனாலும் தலைப்பு கண்ணில் படும்.

4. 0 வேறு, காலி வேறு

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அளந்து பார்த்தேன், மழை இல்லை என்றால் 0. அளக்கவே இல்லை என்றால் காலி. கோடு, ‘இல்லை’, ‘நில்’, கேள்விக்குறி எதுவும் வேண்டாம், சொல்ல வேண்டியதைக் குறிப்பு நெடுவரிசையில் சொல்லுங்கள். சராசரி எடுக்கும்போது கால்க் காலி செல்லைக் கணக்கில் சேர்க்காது, 0-வைச் சேர்க்கும். ஊட்டிக்குக் கல்யாணத்துக்குப் போய் ஒரு வாரம் அளக்காமல் விட்டதை 0 என்று நிரப்பினால், அந்த வாரம் வறட்சி என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை. பல நோட்டுகளில் ஞாயிறு காலியாக இருக்கும், திங்களன்று இரண்டு நாள் மழையும் சேர்த்து அளந்திருப்பார்கள். ஞாயிறைக் காலியாகவே விட்டு, திங்களின் குறிப்பில் ‘2 நாள்’ என்று எழுதுங்கள். பாதிப் பாதியாகப் பிரித்துப் போட வேண்டாம், ஏனென்றால் எந்த நாளில் எவ்வளவு பெய்தது என்று நமக்குத் தெரியாது. மாதக் கூட்டலுக்கு இதனால் பழுதில்லை (ஞாயிறு மாதக் கடைசியாக இருந்தால் மட்டும் கொஞ்சம் அடுத்த மாதத்துக்குப் போகும்). ஆனால் ‘ஒரே நாளில் அதிகபட்ச மழை’ என்று தேடும்போது திங்கட்கிழமைகள் பொய் சொல்லும். குறிப்பு இருந்தால் விலக்கிவிடலாம்.

5. இன்ச், சென்ட் நோட்டுகள்

பழைய எஸ்டேட் நோட்டுகளில் மழையை இன்ச், சென்ட் என்று எழுதியிருப்பார்கள். 100 சென்ட் ஒரு இன்ச். ஒரு இன்ச் 25.4 மி.மீ., அப்படியென்றால் ஒரு சென்ட் 0.254 மி.மீ.

இங்கே வரும் தப்பு ரொம்பச் சின்னது, விளைவு பெரியது. நோட்டில் 1-5 என்று இருக்கும். அது 1 இன்ச் 5 சென்ட், அதாவது 1.05 இன்ச். அடிப்பவர்கள் 1.5 என்று அடித்துவிடுகிறார்கள். 1.05 இன்ச் என்றால் 26.67 மி.மீ., 1.5 இன்ச் என்றால் 38.1 மி.மீ. ஒரே நாளில் 11 மி.மீ.க்கு மேல் மழை காற்றில் இருந்து வந்துவிட்டது. போதாக்குறைக்கு 1-5 என்று அப்படியே ஒரு செல்லில் அடித்தால் சில அமைப்புகளில் அது தேதியாகவே மாறிவிடும்.

அதனால்தான் இன்ச்சுக்கு ஒரு நெடுவரிசை, சென்ட்டுக்கு ஒன்று என்று பிரித்தேன். மி.மீ. நெடுவரிசையில் இன்ச்சை 100-ஆல் பெருக்கி, சென்ட்டைக் கூட்டி, மொத்தத்தை 0.254-ஆல் பெருக்கும் பார்முலாவைப் போடுங்கள்.

ஆனால் இதிலும் ஒரு குழி இருக்கிறது. காலி செல்லைப் பெருக்கினால் கால்க் 0 என்று விடை தரும். போன பகுதியில் கஷ்டப்பட்டுக் காலியாக விட்டதெல்லாம் இங்கே 0 ஆகிவிடும். அதனால் பார்முலாவை இஃப்-புக்குள் வையுங்கள்: இன்ச், சென்ட் இரண்டு செல்லையும் கவுண்ட் செய்து விடை 2 வந்தால் மட்டும் கணக்குப் போடு, இல்லாவிட்டால் ஒன்றும் காட்டாதே என்று. இது வேலை செய்ய வேண்டுமானால் 40 சென்ட் மட்டும் பெய்த நாளிலும் இன்ச் செல்லில் 0 அடிக்க வேண்டும். கைக்கு இரண்டு நாளில் பழகிவிடும்.

6. ஏற்றியதைச் சோதிப்பது

வியூ மெனுவில் ‘வேல்யூ ஹைலைட்டிங்’ என்று ஒன்று இருக்கிறது, கண்ட்ரோல்+எஃப்8 அமுக்கினாலும் வரும். எண்கள் நீலமாகவும், பார்முலாக்கள் பச்சையாகவும், எழுத்துகள் கறுப்பாகவும் மாறும். மழை நெடுவரிசையில் கறுப்பாக எது நின்றாலும் அது எண் மாதிரி வேஷம் போட்ட எழுத்து. ‘26.5 மி.மீ.’ என்று அலகையும் சேர்த்து அடித்தது, புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வைத்தது, வாட்ஸ்ஆப்பில் இருந்து ஒட்டியது, இப்படி. சம் (கூட்டல்) பார்முலா போடும்போது கால்க் அவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், மொத்தம் குறையும், பிழை எதுவும் காட்டாது. தேதி நெடுவரிசையையும் இதே மாதிரி பாருங்கள். தேதியும் எண்தான், நீலமாக இருக்க வேண்டும்.

இந்த மெனு ஞாபகம் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. எண்கள் தானாக வலது பக்கம் ஒட்டும், எழுத்துகள் இடது பக்கம். ஆனால் ‘பார்க்க நன்றாக இருக்கும்’ என்று எல்லாவற்றையும் நடுவில் நிறுத்திவிட்டால் அந்தத் தடயமும் போய்விடும்.

அப்புறம் மேக்ஸ் (மிகப் பெரிய எண்), மின் (மிகச் சிறிய எண்) பார்முலாக்கள். மின் எதிர்மறையாக வந்தால் அடித்ததில் தப்பு. மேக்ஸ் ரொம்பப் பெரிதாக வந்தால் உடனே அழித்துவிடாதீர்கள், நோட்டைத் திறந்து பாருங்கள். நம் மலையில் பெரிய எண்கள் உண்மையாகவே வரும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பதிவானது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்த நாட்களின் நோட்டில் சின்ன எண் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். 265 என்பது 26.5-இன் புள்ளி விட்டதா, உண்மையான 265-ஆ என்று நோட்டுதான் சொல்லும்.

7. மாதக் கூட்டல்

ஜி நெடுவரிசையில் இயர் பார்முலா, எச் நெடுவரிசையில் மன்த் பார்முலா போட்டுத் தேதியில் இருந்து வருஷத்தையும் மாதத்தையும் பிரித்தெடுங்கள். பிறகு அட்டவணைக்குள் ஒரு செல்லில் நின்றுகொண்டு டேட்டா மெனுவில் பிவட் டேபிள். மாதத்தை வரிசைக்கும், வருஷத்தை நெடுவரிசைக்கும், மி.மீ.யை நடுப்பெட்டிக்கும் இழுத்துப் போட்டால் மாத வாரிக் கூட்டல் வந்துவிடும்.

பிவட்டில் 1899 என்று ஒரு வருஷம் முளைத்தால் பயப்பட வேண்டாம், தாத்தா காலத்து நோட்டு கலக்கவில்லை. தேதி முடிந்த பிறகும் கீழே வரை இயர் பார்முலாவை இழுத்துவிட்டீர்கள். கால்க்குக்குக் காலித் தேதி என்றால் 1899 டிசம்பர் 30. அதிகப்படி பார்முலாக்களை அழித்துவிடுங்கள்.

கூட்டலோடு நிறுத்தாமல் இன்னொரு பிவட் போடுங்கள், அதில் மி.மீ. பெட்டியை இரண்டு தடவை கிளிக் செய்து சம்முக்குப் பதிலாக எண்களை மட்டும் எண்ணும் கவுண்ட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு மாதமும் எத்தனை நாள் அளந்தோம் என்று தெரியும். அக்டோபரில் 31-க்கு 14 நாள்தான் அளந்திருக்கிறது என்றால் அந்த மாதக் கூட்டலைக் கிராப்பில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ‘வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது’ என்று யாராவது கதை கட்டுவார்கள். ஞாயிறு விட்டுப்போன நோட்டுகளில் 26, 27 வருவது இயல்பு, அது பரவாயில்லை.

மூல அட்டவணையில் ஏதாவது திருத்தினால் பிவட் தானாக மாறாது. வலது கிளிக் செய்து ரிப்ரெஷ் கொடுக்க வேண்டும். ‘திருத்தினேன், மாறவே இல்லை’ என்று வருகிற புகாரெல்லாம் அநேகமாக இதுதான்.

8. சராசரியும் இடைநிலையும், மழை நாளும்

மழைக்குச் சராசரி மட்டும் போட்டால் ஏமாறுவோம். ஒரு உதாரணம். ஐந்து நவம்பர்களின் மழை 150, 160, 180, 210, 700 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சராசரி 280. ஆனால் ஐந்தில் நாலு நவம்பர் 210-ஐத் தாண்டவே இல்லை. மீடியன் (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண், அதாவது இடைநிலை) போட்டால் 180 வரும், ‘வழக்கமாக எவ்வளவு’ என்று கேட்பவருக்கு அதுதான் நேர்மையான பதில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் ஏதோ ஒரு வருஷம் தூக்கிவிட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மழை நாள் என்பதற்கு வானிலைத் துறையின் வரையறை 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல். கவுண்ட்இஃப்ஸ் பார்முலாவில் வருஷம், மாதம், 2.5-க்குக் குறையாதது என்று மூன்று நிபந்தனை கொடுத்தால் எண்ணித் தரும். 0-வுக்கு மேல் என்று எண்ணினால் மூடுபனி ஈரம் குடுவையில் சொட்டியதெல்லாம் மழை நாளாகிவிடும்.

9. இப்போது கிராப்

பிவட் விடையை நகலெடுத்து, வேறொரு ஷீட்டில் மதிப்புகளை மட்டும் ஒட்டி (கண்ட்ரோல்+ஷிப்ட்+வி), அங்கிருந்து கிராப் போடுங்கள். பிவட்டில் இருந்து நேராகவும் போடலாம், ஆனால் வருஷம் ஒன்று கூடியதும் கிராப்பின் உருவமே மாறிப்போகும்.

மாத மழைக்குக் கம்பி மாதிரி நிற்கும் ‘காலம்’ (Column) வகைக் கிராப் போதும், கோடு வேண்டாம். கோடு என்பது ஜூனில் இருந்து ஜூலைக்கு மழை சரிவாக ஏறிப் போனது போல ஒரு எண்ணத்தைத் தரும். வெப்பநிலைக்குக் கோடு சரி.

முதல் தடவை போடும்போது மாத எண்ணோ வருஷமோ தானும் ஒரு கம்பியாகக் கிளம்பி நிற்கும். 2,000 உயரத்துக்கு ஒரு கம்பி, பக்கத்தில் மழை எறும்பு மாதிரி. கிராப் உதவிப் பெட்டியில் முதல் வரிசையையும் முதல் நெடுவரிசையையும் தலைப்பாக எடுத்துக்கொள் என்ற கட்டங்களில் டிக் போட்டால் சரியாகிவிடும்.

கூடலூரையும் கோத்தகிரியையும் தனித்தனிக் கிராப்பில் போட்டு ஒப்பிடுகிறவர்கள் செங்குத்து அச்சின் உச்ச அளவை இரண்டுக்கும் ஒன்றாக வையுங்கள். கால்க் தானாக அளவு போடும்போது ஒவ்வொன்றிலும் பெரிய கம்பி மேலே முட்டும்படி அமைத்துக்கொள்ளும். தென்மேற்குப் பருவத்தில் கொட்டும் கூடலூரும், அப்போது மலைக்கு மறைவில் இருக்கும் கோத்தகிரியும் ஒரே உயரத்தில் தெரிந்தால் அந்தக் கிராப்பால் என்ன பயன்?

கோட்டுக் கிராப்பில் காலி மாதம் இருந்தால் கோட்டின் மேல் வலது கிளிக் செய்து, பார்மட் டேட்டா சீரீஸில் ஆப்ஷன்ஸ் பக்கம் போங்கள். விட்டுப்போன மதிப்பை இடைவெளியாக விடு, 0-ஆக எடு, கோட்டைத் தொடர் என்று மூன்று வழி இருக்கும். இடைவெளிதான் சரி. அளக்காத மாதம் அளக்காததாகவே தெரியட்டும்.

10. மழையையும் கொழுந்தையும் சேர்த்துப் பார்ப்பது

தோட்டக்காரர்கள் கடைசியில் கேட்பது இதுதான்: மழைக்கும் பச்சைத் தேயிலை எடைக்கும் தொடர்பு இருக்கிறதா? இதற்கு எக்ஸ்ஒய் ஸ்கேட்டர் வகைக் கிராப். படுக்கை அச்சில் மழை, செங்குத்தில் கிலோ, ஒரு மாதத்துக்கு ஒரு புள்ளி. புள்ளிகளின் மேல் வலது கிளிக் செய்து டிரெண்ட் லைன் (புள்ளிகளின் போக்கைக் காட்டும் கோடு) போடலாம், ஆர் ஸ்கொயர் மதிப்பையும் காட்டச் சொல்லலாம். அது 1-க்குப் பக்கம் என்றால் புள்ளிகள் கோட்டோடு ஒட்டி நிற்கின்றன, 0-வுக்குப் பக்கம் என்றால் கோடு சும்மா போகிறது.

பலர் அதே மாத மழையையும் அதே மாத எடையையும் போட்டுவிட்டு ‘தொடர்பே இல்லை’ என்பார்கள். பெய்த மறுநாளே கொழுந்து வராதே. மழை நெடுவரிசையை ஒரு மாதம் கீழே தள்ளி, மே மழைக்கு எதிரே ஜூன் எடை வருகிற மாதிரி வைத்து இன்னொரு கிராப் போட்டுப் பாருங்கள். அதற்காக 12 புள்ளியை வைத்துக்கொண்டு சட்டம் எழுதவும் வேண்டாம். வெயில், உரம், கவாத்து, ஆள் கிடைத்தது, பாக்டரி எடுத்துக்கொண்டது எல்லாம் அந்த எடைக்குள் இருக்கிறது. குறைந்தது மூன்று வருஷ எடையாவது இல்லாமல் நான் இந்தக் கிராப்பை யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை.

11. சேமிப்பு, அச்சு

கால்க்கின் சொந்த வடிவமான ஓடிஎஸ்-ஸில் சேமியுங்கள். சிஎஸ்வியில் (மதிப்புகள் மட்டும் இருக்கும் வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்தால் ஒரு ஷீட் மட்டும்தான் மிஞ்சும், கிராப்பும் பார்முலாவும் போய்விடும். ஆக்டேவுக்கோ பைத்தானுக்கோ கொடுக்க வேண்டும் என்றால் மட்டும் தனிப் பெயரில் ஒரு சிஎஸ்வி எடுங்கள். மழைக் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் ஆப்ஷன்ஸில் லோட்/சேவ் பக்கத்தில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை 2 நிமிஷமாகக் குறைத்து வையுங்கள்.

பழைய கோப்புகளில் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருவில் இடப்பெயர் அடித்திருந்தால் அதை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் ஒரே ஊர் பிவட்டில் இரண்டு ஊராக நிற்கும். யூனிகோடிலும் ‘கோத்தகிரி’, ‘கோத்தகிரி ’ என்று கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டால் இதே கதைதான்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் கிராப்பின் செங்குத்து அச்சில் மி.மீ. என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கடையில் கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பார்கள். சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாகிவிடும், அதனால் ஒரு வருஷத்துக்கு அடர்த்தியான நிறம், இன்னொன்றுக்கு வெளிர் நிறம் கொடுத்து, ஒரு தாள் மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை எடுக்கச் சொல்லுங்கள்.